35-ஆம் இடத்தில் நின்றுபோன ஆல்பம்

பால் சைமன் என்றதும் மேற்கத்திய இசை கேட்பவர்கள் இரண்டு ஆல்பங்களில் ஒன்றைச் சொல்வார்கள். ஒன்று, ஆர்ட் கார்ஃபங்கலோடு சேர்ந்து 1970-இல் வெளியிட்ட 'பிரிட்ஜ் ஓவர் டிரபிள்ட் வாட்டர்'. மற்றது, தென்னாப்பிரிக்க இசைக்கலைஞர்களோடு சேர்ந்து 1986-இல் வெளியிட்ட 'கிரேஸ்லேண்ட்'. இரண்டும் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது வாங்கியவை. அவற்றுக்கு நடுவே, 1983 நவம்பரில், சைமனுக்கு 42 வயதானபோது ஓர் ஆல்பம் வந்தது. பெயர் 'ஹார்ட்ஸ் அண்ட் போன்ஸ்'. மொத்தம் பத்துப் பாட்டு, நாற்பது நிமிடம். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 35-ஆம் இடம் வரை ஏறியது. அதற்குமேல் நகரவில்லை.

சைமனின் கதையைச் சொல்கிறவர்கள் இந்த ஆல்பத்தை ஒரு பத்தியில் கடந்துவிடுவார்கள். கிரேஸ்லேண்ட் என்ற பெரிய வெற்றிக்கு முன்னால் வந்த சறுக்கல் என்பார்கள். தோற்றதால்தான் துணிந்து ஜோஹன்னஸ்பர்க் போனார் என்று ஒரு காரணமும் சொல்வார்கள். காரணம் சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கில் இந்தப் பத்துப் பாட்டுகளும் வெறும் படிக்கட்டாகிவிடுகின்றன. எனக்கு அது பொறுக்கவில்லை. சைமன் எழுதிய சொற்களில் மிக ஆழமானவை இந்த ஆல்பத்தில்தான் இருக்கின்றன என்று பல ஆண்டுகளாகக் கேட்ட பழக்கத்தில் உறுதியாகச் சொல்வேன். கிரேஸ்லேண்டில் தாளம் பெரிது. இங்கே மனிதன் பெரிது.

இது தனி ஆல்பமாகத் தொடங்கவில்லை. 1981 செப்டம்பர் 19 அன்று நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் சைமனும் கார்ஃபங்கலும் இலவசமாக ஒரு கச்சேரி செய்தார்கள். பிரிந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் கூடினார்கள். குவீன்ஸ் பகுதியில் பள்ளிப் பருவத்தில் தொடங்கிய நட்பு அது. 1957-இலேயே 'டாம் அண்ட் ஜெர்ரி' என்ற பெயரில் இருவரும் சேர்ந்து ஒரு பாட்டை வெற்றியாக்கியிருந்தார்கள். சென்ட்ரல் பார்க்கில் கூடிய கூட்டத்தைப் பார்த்த பிறகு யாருக்குத்தான் ஆசை வராது? வெளிநாடுகளில் சுற்றுப்பயணம் நடந்தது. அடுத்து இருவரும் சேர்ந்து ஒரு புது ஆல்பம் என்று முடிவாயிற்று. சைமன் எழுதிக்கொண்டிருந்த பாட்டுகளில் கார்ஃபங்கல் தன் குரலைப் பதிவும் செய்தார். 1983 கோடையில் இருவரும் வட அமெரிக்காவில் ஊர் ஊராகப் பாடினார்கள்.

அதன் பிறகு சைமன் கார்ஃபங்கலின் குரலை நாடாவிலிருந்து அழித்துவிட்டார். இந்தப் பாட்டுகள் என் சொந்த வாழ்க்கை, இவற்றை நான் மட்டும்தான் பாட முடியும் என்பதுதான் அவர் தரப்பு. ஆல்பம் அவர் பெயரில் மட்டும் வெளிவந்தது. மீண்டும் சேர்ந்த ஜோடியை எதிர்பார்த்துக் காத்திருந்த ரசிகர்களுக்கு அது ஏமாற்றம். நண்பருக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மனிதராகச் சைமன் அந்த நேரத்தில் நடந்துகொண்ட விதத்தை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் பாட்டுக்காரராக அவர் எடுத்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். கார்ஃபங்கலின் குரல் எதைத் தொட்டாலும் மேலே தூக்கும். தனி மனிதனின் துயரத்தை ஒரு தேவாலயத்துக்குள் கொண்டுபோய் நிறுத்திவிடும். கேட்பவருக்கு ஆறுதல் கிடைக்கும். இந்தப் பாட்டுகளோ ஆறுதல் கேட்டு எழுதப்பட்டவை அல்ல. ஒருவர் தன்னோடு வாதாடுகிறார், தயங்குகிறார், சொன்னதைத் திருத்துகிறார், மறுபடி தொடங்குகிறார். வாதாடுகிறவருக்குப் பக்கத்தில் மூன்றாம் சுரத்தில் இன்னொருவர் இசைந்து பாடினால் வாதம் போய் அழகு மட்டும் மிஞ்சும். 'சாங் அபௌட் த மூன்' ஒன்றில் மட்டும் கார்ஃபங்கல் இருந்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பாட்டு எழுதுவது எப்படி என்பதையே பாடும் இனிமையான பாட்டு அது, இரண்டு குரலுக்கும் அதில் இடம் இருக்கிறது.

சினிமாப் பாட்டில் வளர்ந்த நம் காதுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எழுதுகிறவர் ஒருவர், மெட்டமைப்பவர் இன்னொருவர், பாடுகிறவர் வேறொருவர், எல்லாமே ஒரு கதாபாத்திரத்துக்காக என்பது நமக்குப் பழக்கம். பாட்டில் வரும் துக்கம் யாருடையது என்று நாம் தேடுவதில்லை. சைமன், ஜோனி மிட்செல், லெனர்ட் கோஹன் போன்றவர்களிடம் மூன்று வேலையும் ஒரே ஆளுக்கு. சைமனின் பாட்டுக்குள் வரும் மனைவி பெரும்பாலும் அவர் மனைவியேதான். அதனால் பாட்டின் நேர்மையை அளக்க நமக்கு இன்னொரு அளவுகோல் கிடைத்துவிடுகிறது.

ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய பாட்டு கேரி ஃபிஷரைப் பற்றியது. 'ஸ்டார் வார்ஸ்' படங்களில் இளவரசி லேயாவாக நடித்தவர். சைமனைவிட பதினைந்து வயது இளையவர். இருவரும் 1983 ஆகஸ்டில் திருமணம் செய்துகொண்டார்கள். அடுத்த ஆண்டே விவாகரத்து ஆகிவிட்டது. பாட்டு நியூ மெக்சிகோவின் சாங்ரே தே கிறிஸ்தோ மலைத்தொடரில் நடக்கிறது. இருவர் பயணம் போகிறார்கள். எப்போதோ தொடங்கிய பயணத்தின் கடைசிப் பகுதி அது என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. சைமன் யூதர், ஃபிஷர் தந்தை வழியில் மட்டும் யூதர். இந்தக் கணக்கிலிருந்து ஒரு விளையாட்டான அடியோடு பாட்டு ஆரம்பிக்கிறது. சிரித்துக்கொண்டே உள்ளே போகிறோம்.

நடுவில் ஓர் உரையாடல் வருகிறது. அவள் இந்த ராத்திரியே எல்லை தாண்டிப் போய்விடலாம் என்கிறாள். அவன் யோசிக்கிறான். அவள் தன்னை இருக்கிறபடியே ஏற்கச் சொல்கிறாள். அவன் உலகம் அப்படி நடப்பதில்லை என்று பதில் சொல்கிறான். காதல் பாட்டு என்ற பெயரில் எழுதப்பட்டவற்றில் இப்படி ஒரு சண்டையை நான் வேறெங்கும் கேட்டதில்லை. கத்தல் இல்லை, பழி இல்லை. இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். அதனால்தான் சேர்ந்திருக்க முடியவில்லை. கடைசியில் அவரவர் கடற்கரைக்குத் திரும்புகிறார்கள். அவன் நியூயார்க்காரன், அவள் லாஸ் ஏஞ்சல்ஸ்காரி. பழைய பழக்கங்களை மறுபடி தொடங்குகிறார்கள்.

இதில் என்னை உலுக்குவது காலக்கணக்கு. ஆல்பம் கடைக்கு வந்தபோது அவர்களுக்குத் திருமணம் ஆகி மூன்று மாதம்கூட முடியவில்லை. புது மாப்பிள்ளை கையில் பிரிவின் பாட்டு. எதை விட்டு விலக முடியாதோ அதன் முடிவையும் முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்த ஒருவர் எழுதியது அது. ஃபிஷர் பின்னாளில் 'விஷ்ஃபுல் டிரிங்கிங்' என்ற தன் நூலில், சைமன் தன்னைப் பற்றி எழுதிய பாட்டுகளைப் பற்றிப் பெருமையோடுதான் எழுதினார். ஃபிஷர் 2016 டிசம்பரில் இறந்தார். இப்போது அந்தப் பாட்டைக் கேட்கும்போது அவளுடைய வரிகள் வருமிடத்தில் காது தானாகக் கூர்மையாகிறது.

இசையையும் கவனிக்க வேண்டும். சைமனின் கிடார் ஒரு சிறு தாளக்கட்டை ஓயாமல் திருப்பித் திருப்பி மீட்டிக்கொண்டே போகும். வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது, பேச்சுதான் நிற்கிறது. டிரம்ஸ் வாசித்த ஸ்டீவ் காட், கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் டீ ஆகியோர் எழுபதுகளிலிருந்தே சைமனோடு இருந்தவர்கள். எவ்வளவு வாசிக்கக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும். பாட்டு ஐந்தரை நிமிடம் ஓடுகிறது, ஒரு கணமும் உரத்துப் போவதில்லை.

'டிரெய்ன் இன் த டிஸ்டன்ஸ்' அவருடைய முதல் திருமணத்தைப் பற்றியது. மணமான ஒரு பெண்ணை ஒருவன் விரும்புகிறான். விடாமல் பேசிப் பேசி அவளை மணக்கிறான். குழந்தை பிறக்கிறது. பிறகு பிரிகிறார்கள். பிரிந்த பிறகும் பேச்சு நிற்கவில்லை. சைமனும் பெக்கி ஹார்ப்பரும் 1969-இல் மணந்து 1975-இல் பிரிந்தவர்கள், அவர்களுக்கு ஒரு மகன். ஒரு நாவலுக்கான கதையை அவர் சில நிமிடங்களில் சொல்லிவிடுகிறார். இடையிடையே தொலைவில் ரயில் சத்தம் எல்லாருக்கும் பிடிக்கும் என்ற எண்ணம் வந்து போகிறது. ஏன் பிடிக்கும் என்பதற்குக் கடைசியில் அவரே நேராக ஒரு காரணமும் சொல்கிறார். வேறு எந்தப் பாடகர் செய்திருந்தாலும் அது பிரசங்கமாகியிருக்கும். இங்கே மூன்று நிமிடம் ஒரு குடும்பம் கலைவதைப் பார்த்துவிட்டு அந்த இடத்துக்கு வருகிறோம். ஆகவே அவர் சொல்வதை நம்புகிறோம்.

'திங்க் டூ மச்' என்ற பெயரில் இரண்டு பாட்டுகள் இருக்கின்றன, 'ஏ' என்றும் 'பி' என்றும். முதலில் வருவது 'பி'. அது மெதுவானது, பாதி தூக்கத்தில் பாடுவதுபோல் இருக்கும். மறுபக்கத்தைத் தொடங்கும் 'ஏ' துள்ளும். ஷிக் குழுவின் நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் அதில் வாசிக்கிறார்கள். நான் அளவுக்குமீறி யோசிக்கிறேனோ என்ற ஒரே கேள்வியை ஒருமுறை படுக்கையில் கிடந்தபடியும் ஒருமுறை ஆடிக்கொண்டும் கேட்கிறார். மூளையின் இடப்பாதியும் வலப்பாதியும் வருகின்றன. ராத்திரியில் அப்பா வந்து நெஞ்சோடு அணைத்துத் தேற்றும் ஓர் இடமும் வருகிறது. அந்தச் சமயம் சைமனுக்கு எழுதுவதே பயனற்றது என்ற மனநிலை இருந்ததாகவும், ஒரு மனநல மருத்துவரிடம் பேசிப் பேசித்தான் மீண்டும் கிடாரைத் தொட்டதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். ஆல்பத்தின் முதல் பாட்டான 'அலர்ஜீஸ்' அந்தக் காலத்தில் பிறந்தது. அல் டி மியோலாவின் கிடார் அதில் தீப்பொறி பறக்க வருகிறது. ஆனாலும் அதை ஆல்பத்தின் முதல் சிங்கிளாக வெளியிட்டது நல்ல முடிவல்ல. இந்த ஆல்பத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை அந்தப் பாட்டு யாருக்கும் சொல்லாது.

'கார்ஸ் ஆர் கார்ஸ்', 'வென் நம்பர்ஸ் கெட் சீரியஸ்' இரண்டும் புத்திசாலித்தனமான பாட்டுகள். அதற்குமேல் அவற்றில் எனக்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

'ரெனே அண்ட் ஜார்ஜெட் மக்ரீத் வித் தேர் டாக் ஆஃப்டர் த வார்' என்ற நீளமான தலைப்பு ஒரு புகைப்படத்தின் விளக்கவரி. ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது சைமன் கண்ணில் பட்டது. பிரஸ்ஸல்ஸில் வாழ்ந்த ஓவியர் ரெனே மக்ரீத், தொப்பி வைத்த மனிதர்களை வானத்தில் மிதக்கவிட்டவர், தன் மனைவியோடும் நாயோடும் நிற்கிறார். விளக்கவரியின் ஓசையே ஒரு பாட்டின் தொடக்கம் என்று சைமனுக்குத் தோன்றியிருக்கிறது. அவர் எழுதியது முழுக்கக் கற்பனை. ஓர் ஓட்டல் அறையில் அந்தத் தம்பதி ஆடுகிறார்கள். நியூயார்க்கின் கிறிஸ்டோபர் தெருவில் நடக்கிறார்கள், துணிக்கடை பொம்மைகளைப் பார்த்து நிற்கிறார்கள். அலமாரியைத் திறந்தால் உள்ளே ஒளித்துவைத்த இசைத்தட்டுகள் இருக்கின்றன. பெங்குவின்ஸ், மூன்குளோஸ், ஓரியோல்ஸ், ஃபைவ் சாட்டின்ஸ்.

இந்த நான்கும் ஐம்பதுகளின் அமெரிக்கக் கறுப்பினக் குழுக்கள். தெருமுனையில் நான்கைந்து பேர் நின்று, வாத்தியம் இல்லாமலே குரலை அடுக்கிப் பாடுவதில் தொடங்கிய டூ-வாப் என்ற இசை அவர்களுடையது. குவீன்ஸில் சிறுவனாக ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சைமன் கேட்டது இதைத்தான். பெல்ஜிய ஓவியரும் மனைவியும் அந்தப் பாட்டுகளை ரகசியமாக நேசித்தார்கள் என்று எழுதும்போது அவர் தன் சிறுவயதை இன்னொருவர் வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார். பெரியவர்களாகி, நாகரிகம் கற்று, விருந்துகளுக்குப் போய் வருகிறவர்கள் உள்ளே எதை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பதே பாட்டு. பின்னணிக் குரல் கொடுத்தவர்கள் ஹார்ப்டோன்ஸ். அவர்களும் ஐம்பதுகளில் நியூயார்க்கில் பாடிய டூ-வாப் குழுவினர்தான். அவர்கள் குரல் நுழையும் இடத்தில், கற்பனை உண்மையாகிவிடுகிறது. ரெனே மக்ரீத் 1967-இல் இறந்துவிட்டார். ஜார்ஜெட் இந்த ஆல்பம் வந்தபோது உயிரோடிருந்தார்.

கடைசிப் பாட்டு 'த லேட் கிரேட் ஜானி ஏஸ்'. ஜானி ஏஸ் ஒரு ரிதம் அண்ட் புளூஸ் பாடகர். 1954 கிறிஸ்துமஸ் இரவில், ஹூஸ்டனில், மேடைக்குப் பின்னால் துப்பாக்கியை வைத்து விளையாடியபோது குண்டு பாய்ந்து இறந்தார். வயது 25. அப்போது சைமனுக்கு 13. ரேடியோவில் செய்தி கேட்ட சிறுவன் தபாலில் எழுதிப்போட்டு அந்தப் பாடகரின் படத்தை வரவழைக்கிறான். அடுத்த அடுக்கில் 1964, லண்டன். கென்னடி கொல்லப்பட்டு ஓராண்டு ஆகிவிட்டது. பீட்டில்ஸும் ஸ்டோன்ஸும் எங்கும் ஒலிக்கிறார்கள், இளமை பொங்குகிறது. மூன்றாவது அடுக்கில் ஒரு குளிர்ந்த டிசம்பர் இரவு. தெருவில் யாரோ ஒருவர் ஜான் லெனன் செத்துவிட்டார் என்று சொல்கிறார். 1980 டிசம்பர் 8. சொன்ன அந்நியரும் கேட்டவரும் சேர்ந்து ஒரு மதுக்கடைக்குப் போய் உட்கார்ந்து, இசைப்பெட்டியில் காசு போட்டு, ஒவ்வொரு பாட்டையும் இறந்துபோன ஜானி ஏஸுக்கே அர்ப்பணிக்கிறார்கள். லெனனுக்கு அஞ்சலி எழுதியவர்கள் நிறையப் பேர். லெனன் பெயரில் ஒரு கோப்பையைக்கூட உயர்த்தாமல் அஞ்சலி எழுதியவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். துப்பாக்கிக்குப் பலியான மூன்று ஜான்கள் அதில் இருக்கிறார்கள், கென்னடியும் ஜான்தானே. பாட்டு அதைச் சுட்டிக்காட்டுவதில்லை.

சைமன் இந்தப் பாட்டைப் பொதுமேடையில் முதலில் பாடியது அதே சென்ட்ரல் பார்க் கச்சேரியில். லெனன் சுடப்பட்ட டகோட்டா கட்டடம் அந்தப் பூங்காவின் ஓரத்தில்தான் இருக்கிறது. ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. சைமன் தனியாகக் கிடாரோடு பாடிக்கொண்டிருந்தபோது கூட்டத்திலிருந்து ஒருவன் மேடையேறி அவரை நோக்கி ஓடினான், உங்களிடம் பேச வேண்டும் என்று கத்தினான். காவலர்கள் அவனை இழுத்துப் போனார்கள். ஒரு கணம் தடுமாறிய சைமன் பாட்டைப் பாடி முடித்தார். பாட்டு எதைப் பற்றியதோ அதுவே மேடைக்கு வந்து நின்ற நிமிடம் அது. அந்தக் கச்சேரியின் இசைத்தட்டில் இந்தப் பாட்டு சேர்க்கப்படவில்லை.

ஆல்பத்தில் இந்தப் பாட்டு முடிந்ததும் ஃபிலிப் கிளாஸ் எழுதிய ஒரு சிறு இசைத்துண்டு வருகிறது. தந்தி வாத்தியங்களும் புல்லாங்குழலும் கிளாரினெட்டும், ஒரு நிமிடத்துக்குள். கிளாஸ் அப்போது நியூயார்க்கின் நவீன இசையில் பெரிய பெயர். ராக் பாட்டின் முடிவில் அவரை அழைத்துவந்தது சைமனின் துணிச்சல். சொற்கள் ஓய்ந்த இடத்தில் அந்த இசை துக்கத்தை விளக்காமல் அப்படியே நகர்த்திக்கொண்டு போய்ச் சட்டென்று நிறுத்திவிடுகிறது. முதல் முறை கேட்பவர்களுக்கு ஏதோ அறுந்துபோனதுபோல் தோன்றும். மூன்றாம் முறை வேறு எப்படியும் முடிக்க முடியாது என்று புரியும்.

ஏன் இது விற்கவில்லை? 1983 மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' ஆண்ட ஆண்டு. எம்.டி.வி. வந்து, பாட்டைப் பார்க்கும் பழக்கம் பரவியிருந்தது. நாற்பதைத் தாண்டிய ஒருவர் தன் மணவாழ்க்கையையும் மூளையையும் ஆராய்வதைக் கேட்க வானொலிக்கு அவகாசம் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் அவரே எழுதி நடித்த 'ஒன்-டிரிக் போனி' படமும் தோற்றிருந்தது. எல்லாவற்றுக்கும் மேல், ஜோடியாகக் கேட்கக் காத்திருந்தவர்களுக்கு ஒற்றைக் குரல் கிடைத்தது. பாட்டைக் கேட்கும் முன்பே அவர்கள் கோபித்துக்கொண்டார்கள்.

சைமன் இந்த ஆல்பத்தைக் கைவிடவில்லை. 2018-இல், விடைபெறும் சுற்றுப்பயணம் என்று அறிவித்துப் பாடிக்கொண்டிருந்த அதே ஆண்டில், 'இன் த புளூ லைட்' என்று ஒரு ஆல்பம் வெளியிட்டார். முன்பு கவனிக்கப்படாமல் போனதாக அவருக்குத் தோன்றிய பழைய பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து மறுபடி பாடியிருந்தார். அதில் மக்ரீத் பாட்டு இருக்கிறது. 76 வயதுக் குரலில் அது மெலிந்து, இன்னும் அந்தரங்கமாகிவிட்டது. எனக்கு 1983-இன் பதிவே மேல், ஹார்ப்டோன்ஸுக்காகவே. 2004-இல் பழைய ஆல்பத்தை மறுபதிப்புச் செய்தபோது வெறும் கிடாரோடு பாடிய முன்மாதிரிப் பதிவுகள் சிலவற்றையும் சேர்த்தார்கள். ஜானி ஏஸ் பாட்டின் அந்த வடிவம் தேடிக் கேட்க வேண்டியது.

புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் 'அலர்ஜீஸ்' பாட்டிலிருந்து தொடங்க வேண்டாம். நேராக இரண்டாவது பாட்டுக்குப் போங்கள். அதன் பிறகு, பழைய இசைத்தட்டில் மறுபக்கமாக இருந்த ஐந்து பாட்டுகளையும், 'திங்க் டூ மச்' ஏ வடிவம் முதல் ஜானி ஏஸ் வரை, இடையில் நிறுத்தாமல் கேளுங்கள். அவை பிடித்துவிட்டால் மீதி நான்குக்கு நீங்களே திரும்பி வருவீர்கள்.